இருபது மீற்றர் புதைந்த பைலுக்கு இரண்டு மீற்றர் மணல் போனால் என்ன?

மொறட்டுவையில் சிவில் பொறியியல் முடித்துவிட்டு, கொழும்பில் கடல்சார் வேலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "நாங்கள் பராமரிக்கும் இறங்குதுறையைத் தாங்கும் தூண்கள், அதாவது பைல்கள், கடலடிக்குள் 20 மீற்றர் இறங்கியிருக்கின்றன. சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றரை, இரண்டு மீற்றர் மணல் போயிருக்கிறது என்கிறார்கள். மிச்சம் 18 மீற்றர் உள்ளே இருக்கிறதே, பத்தில் ஒரு பங்குதானே போயிருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?"

நல்ல கேள்வி. வேலைக்கு வந்த முதல் வருடங்களில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. ஆனால் "பத்தில் ஒரு பங்கு" என்ற அந்தக் கணக்கை இங்கே போட முடியாது. மணல் எப்படிப் போனது என்பதைப் பொறுத்து, இழந்த பலம் நூற்றுக்கு மூன்றாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அதனால் எத்தனை மீற்றர் போனது என்பதோடு, பைலைச் சுற்றி மட்டும் குழி விழுந்ததா, கடலடி முழுவதுமே தாழ்ந்ததா, எந்த மாதத்தில் பார்த்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில், அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டும்தான்.

முதலில் பைல் எதனால் நிற்கிறது என்று பார்ப்போம். அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. மேலே உள்ள பாரத்தைக் கீழே கொண்டுபோவது ஒன்று. அலை, காற்று, கப்பல் வந்து மோதும் விசை என்று பக்கவாட்டில் வரும் தள்ளல்களுக்கு எதிர்த்து நிற்பது மற்றது. பாரத்தைத் தாங்குவதில் பைலின் முழு நீளமும் பங்கெடுக்கும்: பக்கங்களில் மண்ணின் உராய்வு, நுனியில் மண்ணின் தாங்கல். பக்கவாட்டுத் தள்ளலுக்கோ, மேலே உள்ள சில மீற்றர் மண்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது.

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியாலை எவ்வளவு ஆழமாக நட்டாலும், மழை வெள்ளம் ஓடி அதன் அடியில் ஒரு சாண் மண்ணைக் கரைத்துவிட்டால் கதியால் ஆடத் தொடங்கிவிடும். கீழே புதைந்த பகுதி அப்படியேதான் இருக்கிறது, பிடுங்கினால் வராது. ஆனால் தள்ளினால் சாயும். பிடுங்குவதற்கு எதிரான பலமும் தள்ளுவதற்கு எதிரான பலமும் வேறு வேறு இடங்களிலிருந்து வருகின்றன.

இதையே இலக்கத்தில் பார்க்கலாம். 1 மீற்றர் விட்டமுள்ள பைல், மணலுக்குள் 20 மீற்றர், விசை படும் இடம் கடலடியிலிருந்து 10 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டக் கணக்குக்கு, கடலடியிலிருந்து விட்டத்தின் 5 மடங்கு ஆழத்தில் பைல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று எடுப்பது வழக்கம். அப்படியானால் வளையக்கூடிய நீளம் 10 உடன் 5 சேர்த்து 15 மீற்றர். பைலைச் சுற்றி ஒன்றரை மீற்றர் குழி விழுந்தால் அது 16.5 மீற்றர் ஆகிறது. நீளம் கூடியது பத்து வீதம்தான். அடியில் வளைவுத் திருப்பமும் (பைலை வளைக்கும் விளைவின் அளவு) அதே பத்து வீதம் கூடும். ஆனால் தலையின் அசைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவது, அதனால் 33 வீதம் அதிகம். நெடுக்காக அமுக்கும்போது வளைந்து முறிவதற்கான எல்லைப் பாரம் நீளத்தின் இரண்டாம் அடுக்கில் குறைவது, அது 17 வீதம் இறங்கும். இயல்பாக ஆடும் அதிர்வெண் சுமார் 13 வீதம் குறையும்.

இறங்குதுறைக்கு அந்த 13 வீதம் பெரிய விடயமாக இல்லாமல் போகலாம். கடலில் நடும் காற்றாலைக்கு அதுவே உயிர்நிலை. காற்றாடி நிமிடத்துக்குப் 10 சுற்றுச் சுற்றினால் அது விநாடிக்கு 0.17 அதிர்வு. மூன்று இதழ்களும் கோபுரத்தைக் கடக்கும் கணக்கு அதன் மூன்று மடங்கு, 0.5. கோபுரத்தின் இயல்பு அதிர்வெண்ணை இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடைவெளியில் நிறுத்தித்தான் வடிவமைக்கிறார்கள். அடியில் மண் போனால் அதிர்வெண் கீழே இறங்கும். சுற்றும் வேகத்தின் பக்கமும், பெரிய அலைகளின் அதிர்வெண் பக்கமும் நெருங்கும். ஒரே நாளில் முறிவதில்லை. ஒவ்வோர் அலையிலும் கொஞ்சம் கூடுதலாக ஆடி, உருக்கின் ஒட்டுகள் களைத்துப்போய், இருபத்தைந்து வருடம் நிற்க வேண்டியது முன்னதாகவே வெடிப்பு விடும்.

சரி, உங்கள் கேள்வியின் மற்றப் பாதி, பாரம் தாங்கும் பலம். இங்கேதான் "எப்படிப் போனது" என்பது முழுக் கதையையும் மாற்றுகிறது.

மணலில் உராய்வு எங்கிருந்து வருகிறது? மேலே கிடக்கும் மணலின் பாரம் கீழே உள்ள மணல்மணிகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. பாடத்தில் பயனுறு தகைப்பு என்று படித்திருப்பீர்கள். ஆழம் போகப் போக அந்த அழுத்தம் கூடும், அதோடு பைலின் பக்கத்தைப் பிடிக்கும் உராய்வும் கூடும். மேல்மட்டத்தில் பூச்சியம், ஆழத்தில் அதிகம், ஒரு முக்கோணம் போல.

இப்போது இரண்டு நிலைமைகளை ஒப்பிடுங்கள். முதலாவது, பைலைச் சுற்றி மட்டும் ஒன்றரை மீற்றர் குழி. போனது முக்கோணத்தின் கூரான நுனி, அங்கே உராய்வே பெரிதாக இருக்கவில்லை. குழிக்கு வெளியே உள்ள மேட்டின் பாரமும் ஆழத்தில் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கடல் எண்ணெய்த் தளங்களுக்கான அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) வழிகாட்டியில், இடத்துக்குரிய தரவு இல்லாவிட்டால் குழியின் ஆழத்தை விட்டத்தின் 1.5 மடங்காக எடுக்கச் சொல்லியிருக்கும். குழியின் அடியிலிருந்து விட்டத்தின் 6 மடங்கு கீழே போனால் பழைய அழுத்தம் முழுதாகத் திரும்பிவிடும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். நம் பைலுக்கு அப்படிப் போட்டுப் பார்த்தால் உராய்வில் இழப்பு 3 வீதத்துக்குக் கிட்ட வரும். அவ்வளவுதான்.

இரண்டாவது, குழி எதுவும் இல்லை, கடலடி முழுவதுமே 2 மீற்றர் தாழ்ந்துவிட்டது. இப்போது முக்கோணம் முழுவதும் கீழே நகர்கிறது. 15 மீற்றர் ஆழத்தில் இருந்த மணல் இனி 13 மீற்றர் ஆழத்து மணல். அதன் மேல் இருந்த பாரமே போய்விட்டது. உராய்வு 20இன் வர்க்கத்திலிருந்து 18இன் வர்க்கத்துக்கு இறங்குகிறது, அதாவது 400இலிருந்து 324. பத்தில் ஒரு பங்கு மண் போனது, ஐந்தில் ஒரு பங்கு உராய்வு போய்விட்டது. நுனியின் தாங்கலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்று குறையும். பக்கவாட்டு எதிர்ப்பும் ஆழத்தோடு கூடுவதுதான் என்பதால், எஞ்சியிருக்கும் ஒவ்வோர் அடுக்கும் முன்னையைவிடப் பலவீனமாகத் தள்ளலை எதிர்கொள்ளும். (உராய்வுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு, அதை இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் 19 வீதம் சற்றுக் குறையும், ஆனால் ஒப்பீடு மாறாது.)

இதில் எனக்கு எப்போதும் கவலை தருவது என்னவென்றால், குழி கண்ணுக்குத் தெரியும், தாழ்வு தெரியாது. சுழியோடி கீழே இறங்கும்போது பைலைச் சுற்றி ஒரு கிண்ணம் போலப் பள்ளம் இருந்தால் படம் எடுத்து வருவார். கடலடி முழுவதும் சமமாகத் தாழ்ந்திருந்தால் அவருக்கு அது சாதாரணத் தட்டையான மணல்தான். "அரிப்பு எதுவும் இல்லை" என்றுகூட எழுதிவிடலாம். பழைய ஆழ அளவீட்டுப் படத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே அது பிடிபடும்.

களிமண்ணில் கதை வேறு. அதன் வலிமை மேல் பாரத்தை உடனடியாக நம்பியிருப்பதில்லை, அரிப்பும் மெதுவாக நடக்கும். பல மாதங்கள், வருடங்கள்கூட எடுக்கும். ஆனால் மணல் குழியைப் போல அது மீண்டும் நிரம்பாது. போனது போனதுதான்.

இனி குழி ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கொழும்புக் கடலைப் புரிந்துகொள்ள அது வேண்டும். நீரோட்டம் கடலடிக்குக் கிட்ட மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடும். அது பைலில் மோதும்போது மேல்பகுதியில் அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அதனால் பைலின் முகத்தை ஒட்டி நீர் கீழ்நோக்கி இறங்கி, மணலில் இடித்து, சுருண்டு, இரண்டு பக்கமும் வளைந்து ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போல இருக்கும், பெயரும் லாடச் சுழல்தான். பின்பக்கத்தில் சிறு சுழல்கள் மாறி மாறிக் கழன்று, கிளம்பிய மணலை மேலே உறிஞ்சி எடுத்துப் போகின்றன. இந்தச் சுழலின் கீழே மணலை இழுக்கும் விசை, பைல் இல்லாத இடத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குவரை போகும். அதனால் சுற்றிலும் மணல் அசையாமல் கிடக்கும் மெல்லிய ஓட்டத்தில்கூட பைலின் காலடியில் மட்டும் தோண்டல் நடக்கும். பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுழலின் வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் தோண்டல் நின்றுவிடும்.

அந்தக் கட்டம், நிலையான நீரோட்டத்தில், சராசரியாகப் பைல் விட்டத்தின் 1.3 மடங்கு. ஆனால் அளவீடுகளின் சிதறல் பெரிது, நியம விலகலே 0.7. அதனால் 2 மடங்குக்குத் தயாராக இருப்பதுதான் புத்தி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 2004இல் நிறுவிய ஸ்க்ரோபி சாண்ட்ஸ் காற்றாலைகளில் 4.2 மீற்றர் விட்டமுள்ள ஒற்றைப் பைல்கள். அவற்றைச் சுற்றி 5 மீற்றர் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. சூத்திரம் சொன்ன அளவுக்குக் கிட்டத்தான்.

ஆனால் அது வட கடல். அங்கே பெருக்கும் வற்றும் கடலை நாள் முழுக்க இப்படியும் அப்படியும் ஓட வைக்கின்றன. கொழும்பில் கடல் பெருகி வற்றும் உயரம் ஒரு மீற்றர்கூட இல்லை. நமக்கு வருவது அலை. வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் புரட்டாதிவரை கடல் கொந்தளிக்கும், தெற்கே பெருங்கடலில் பிறந்த நீண்ட அலைகளும் வந்து சேரும். காலிமுகத்திடலில் நின்று ஆனி மாதக் கடலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். 15 மீற்றர் ஆழத்தில், 3 மீற்றர் உயரமும் 10 விநாடி இடைவெளியும் கொண்ட அலை கடலடியில் நீரை விநாடிக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைக்கிறது. நுண்மணலைக் கிளப்ப வேண்டியதைவிட அது பல மடங்கு அதிகம்.

அப்படியானால் குழி பெரிதாக இருக்க வேண்டும் அல்லவா? ஆச்சரியம் என்னவென்றால், இல்லை. அலையில் நீர் ஒரு பக்கம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வருகிறது. அந்தத் தூரம் பைலின் விட்டத்தோடு ஒப்பிடும்போது சிறிதாக இருந்தால் சுழல் உருவாக நேரமே கிடைப்பதில்லை. இதை அளக்க, அலையின் அடிவேகத்தை அலையின் காலத்தால் பெருக்கி விட்டத்தால் வகுப்பார்கள். கியூலகன்–கார்ப்பெண்டர் எண் என்று பெயர். அது 6ஐத் தாண்டினால்தான் அலையால் மட்டும் குழி விழும். மேலே சொன்ன அலைக்கு 1 மீற்றர் பைலில் இந்த எண் 10க்குக் கிட்ட வருகிறது, குழி 15 சென்ரிமீற்றர் அளவு. அரை மீற்றர் பைலில் 20 சென்ரிமீற்றர் சொச்சம். 6 மீற்றர் விட்டக் காற்றாலைப் பைலில் எண் 2ஐக்கூடத் தொடாது, குழியே இல்லை. நீரோட்டமும் சேர்ந்தால், பைல்கள் நெருக்கமாக நின்றால், அலை உடையும் இடமாக இருந்தால் எல்லாம் கூடும். இருந்தாலும் அலையே முதன்மையான கடலில் தனிப் பைலின் குழி, பலர் நினைக்கும் அளவுக்குப் பயங்கரம் இல்லை.

அதனால்தான் உங்கள் சுழியோடிகள் சொன்ன "ஒன்றரை, இரண்டு மீற்றர்" என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கொழும்புக் கரையில், பைலைச் சுற்றி அலை மட்டும் தோண்டி அவ்வளவு போவது கடினம். ஒன்றில் அங்கே நீங்கள் கணக்கில் எடுக்காத ஓட்டம் இருக்கிறது. கப்பல்களின் விசிறி தள்ளும் நீர் இறங்குதுறைகளில் வழக்கமான குற்றவாளி, அதையும் பாருங்கள். இல்லாவிட்டால் கடலடியே இறங்கியிருக்கிறது.

கடலடி ஏன் இறங்கும்? நம் மேற்குக் கரையில் மணல் ஒரு வரவு செலவுக் கணக்குப் போல. சோளக அலைகள் கரையோரமாக மணலை வடக்கே நகர்த்துகின்றன. முகத்துவாரத்தில் களனி கங்கை புதிய மணலைக் கொண்டுவந்து போட வேண்டும். ஆற்றில் மணல் அகழ்ந்தால் அந்த வரவு குறையும். நகரும் மணலுக்குக் குறுக்கே கட்டுமானம் வந்தால் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். கப்பல் வழிக்காகப் பக்கத்தில் ஆழப்படுத்தினால் சுற்றியுள்ள மணல் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரியும். கொழும்பில் இது புதிய கதையும் இல்லை. தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875இல் அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள். தெற்குத் துறைமுகத்தின் பெரிய அலைதடுப்பு 2008 முதல் 2012 வரை கட்டப்பட்டது. 2014இல் தொடங்கிய துறைமுக நகரம் 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலில் எழுப்பியது. நூற்றைம்பது வருடமாகக் கடல் தன் மணலை மீண்டும் மீண்டும் புதிய வடிவங்களுக்கு ஏற்ப அடுக்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கட்டுமானம் உங்கள் இடத்தை எவ்வளவு மாற்றியது என்று ஊகிக்க வேண்டாம், அளவீட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

கடலடியே இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள சோல்வே வளைகுடாவின் ரொபின் ரிக் காற்றாலைப் பண்ணையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 60 காற்றாலைகளோடு 2010இல் இயங்கத் தொடங்கியது. மணல் திட்டு நகர்ந்து அடித்தளத்து மண் போனதால், சில வருடங்களிலேயே இரண்டு காற்றாலைகளைக் கழற்றி எடுக்க வேண்டி வந்தது. இதை நான் வெறும் வெளிநாட்டுச் செய்தியாகச் சொல்லவில்லை. இலங்கையின் கடல் காற்றாலைக்கான வழிவரைபடத்தை உலக வங்கி 2023இல் வெளியிட்டது. மன்னார்ப் பக்கம் ஆழம் குறைவு, காற்று நல்லது, எல்லோருடைய கண்ணும் அங்கேதான். ஆனால் ஆதாம் பாலத்து மணல் திட்டைகள் இடம் மாறுபவை என்பது மன்னார், தலைமன்னார் மீன்பிடித் தொழிலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே பைல் நடப் போகிறவர்கள் குழிச் சூத்திரத்தோடு நிற்காமல், திட்டைகள் கடந்த பல வருடங்களில் எங்கே இருந்தன என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். தொழிலாளிகளிடம் கேட்பதும் அந்தத் தேடலில் சேர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி மாதம் பற்றிய கேள்வி. உங்கள் சுழியோடிகள் எப்போது இறங்கினார்கள்? நம் கரையில் கடலுக்குள் பார்க்கும் வேலை எல்லாம் மார்கழியிலிருந்து பங்குனிக்குள்தான் நடக்கும். கடல் தெளிவு, அலை இல்லை. ஆனால் குழி ஆழமாக இருந்த நாள் அதுவல்ல. சோளகத்தில் மணல் குழி சில மணிநேரத்தில், சில நாட்களில் தோண்டப்படும். காற்றுத் தணிந்ததும் அதே கடல் மணலைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். தை மாதத்தில், ஒலியால் ஆழம் அளக்கும் கருவி தட்டையான கடலடியைக் காட்டும். கட்டுமானம் அதிகமாக உதைபடும் ஆடி மாதத்தில் அங்கே என்ன இருந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது.

நிரம்பிய மணலும் பழைய மணல் அல்ல. பழையது பல்லாண்டு அலை குலுக்கி இறுகியது. புதியது தளர்வாக வந்து படிந்தது. தளர்ந்த மணலை அடுத்த பருவத்தின் அலை அசைக்கும்போது, மணிகளுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, அது கஞ்சி போல இளகிவிடலாம். அந்த நேரத்தில் பைலுக்கு அது மண்ணே அல்ல.

பல வருடங்களுக்கு முன் மேற்குக் கரையில் ஒரு சிறிய இறங்குதுறையைப் பார்க்கப் போயிருந்தோம். அளவீட்டுப் படத்தில் எல்லாம் சரி. கூட வந்த சுழியோடி, வயதானவர், அறிக்கைக்கு வேண்டிய படங்களை எடுத்து முடித்த பிறகு, ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மீண்டும் இறங்கினார். மேலே வந்து சொன்னார், "வெளியே ஒரு சாணுக்கு மேல் கம்பி இறங்கவில்லை ஐயா, பைலுக்குப் பக்கத்தில் என் மார்பளவுக்கு இறங்குகிறது." பிறகு இன்னொன்றும் சொன்னார். பைலில் சிப்பியும் கொட்டலசும் மொய்த்திருக்கும் பகுதி கடலடிவரை வரவில்லை, கடைசி முழம் துப்புரவாக இருக்கிறது என்றார். அதன் பொருள், அந்த முழம் நெடுநாள் மணலுக்குள் இருந்து அண்மையில்தான் வெளியே வந்தது. ஒரே பைலில் இரண்டு செய்தி: சுற்றிலும் ஒரு மீற்றருக்கு மேல் குழி விழுந்து நிரம்பியிருக்கிறது, கடலடியும் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கம்பிச் சோதனை இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்து வைப்பதில்லை.

யாழ்ப்பாணக் கடனீரேரியில் களங்கண்டி வைப்பவர்கள் தடி பிடிப்பாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துத்தான் வலை கட்டுவார்கள். கடல் காற்றாலைகளில் இன்று செய்வதும் அதுதான். கோபுரத்தில் அதிர்வுமானியைப் பொருத்தி இயல்பு அதிர்வெண்ணைத் தொடர்ந்து எழுதுகிறார்கள். அது இறங்கினால் அடியில் ஏதோ போகிறது. உங்கள் இறங்குதுறையிலும் இதைச் செய்யலாம். தை மாதத்தில் ஓர் அளவு, ஆடியில் ஓர் அளவு. ஆடியில் யாரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டியதில்லை, மேடையில் நின்றே எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

பரிகாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். கல்லைக் கொட்டுங்கள் என்பார்கள். மணல் மேல் நேரடியாகப் பெரிய கல்லைக் கொட்டினால், கற்களின் இடுக்கால் மணல் உறிஞ்சப்பட்டு கல் அமிழும். டென்மார்க்கின் ஹோர்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணையை 2002இல் கட்டினார்கள். அங்கே பைல்களைச் சுற்றிப் போட்ட கற்கள் மூன்றே வருடத்தில் சில இடங்களில் 1.5 மீற்றர்வரை இறங்கியிருந்தன. இத்தனைக்கும் முறையாக வடிவமைத்துப் போட்டவை. இடையில் வடிகட்டி அடுக்கு வேண்டும், அதன் மணி அளவும் பொருந்த வேண்டும். மண் பொறியியலின் முன்னோடி தெர்சாகியின் பழைய விதி இன்றும் நல்ல விதி: வடிகட்டியின் 15 வீத மணி அளவு (எடையில் 15 வீதம் அதைவிடச் சிறிய மணிகளாக இருக்கும் அளவு), கீழ் மணலின் 85 வீத மணி அளவின் 4, 5 மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதோடு, கல் விரிப்பு முடியும் விளிம்பில் புதிய அரிப்புத் தொடங்கும், ஏனெனில் இப்போது அந்த விரிப்பே நீருக்கு ஒரு தடை. கல்விரிப்பைத் தாண்டிப் போகும் கேபிளும் குழாயும் அந்த விளிம்பில்தான் அந்தரத்தில் தொங்கி அடிபடும்.

முக்கியமாக, கல் விரிப்பு குழிக்கு மருந்து, தாழ்வுக்கு அல்ல. கடலடி முழுவதும் இறங்கும் இடத்தில் கல் விரிப்பு ஒரு மேடாக எஞ்சி, விளிம்பு சரிந்து, மெல்லக் கரைந்துபோகும். புதிய கட்டுமானமாக இருந்தால் அப்படிப்பட்ட இடத்தில் பைலைக் கூடுதல் நீளமாக இறக்கி, மண் போகும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்து விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. உருக்கின் விலை ஒரு தடவை, கல்லின் விலை ஒவ்வொரு சோளகத்துக்கும். உங்களுடையதைப் போல ஏற்கனவே நிற்கும் கட்டுமானத்துக்கு அந்த வழி இல்லை. எஞ்சிய பலத்தைத் திரும்பக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் மேலே ஏற்றும் பாரத்தையும் கட்டும் கப்பலின் அளவையும் குறைக்க வேண்டிவரும், அல்லது புதிய பைல்களைச் சேர்க்க வேண்டும்.

பைல் இல்லாத கட்டுமானங்களைப் பற்றிச் சுருக்கமாக: தன் பாரத்தாலேயே கடலடியில் உட்காரும் கொங்கிரீட் அடித்தளங்கள் இதில் பைலைவிடப் பயப்பட வேண்டியவை. அவற்றுக்கு ஆழத்தில் பிடிப்பு இல்லை. ஒரு மூலையின் அடியில் மணல் போனால் தாங்கும் பரப்புக் குறையும், பாரம் எஞ்சிய பக்கத்தில் குவியும், சாயும், சாய்ந்த பக்கத்தில் இன்னும் அழுத்தும். கால்களை இறக்கி நிற்கும் துளையிடும் மேடைகளுக்கும் இதே ஆபத்து. கடலடிக் குழாய்களின் அடியில் மணல் போனால் அந்தரத்தில் பாலம் போல நின்று நீரோட்டத்தில் அதிரத் தொடங்கும். மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டெடுத்த இடங்கள் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமானவை. சோளக அலை அந்த அடிக்கு எட்டாது, அங்கே பிரச்சினைகள் வேறு வகை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். சுழியோடிகளிடம் திரும்பக் கேளுங்கள்: அந்த இரண்டு மீற்றரை எதிலிருந்து அளந்தார்கள்? பைலுக்கு வெளியே ஐந்து, பத்து மீற்றர் தள்ளியுள்ள கடலடியிலிருந்து குழியின் ஆழமா, அல்லது பைலில் குறித்த பழைய மட்டத்திலிருந்தா? முதலாவது என்றால் அசைவையும் வளைவையும் சரிபாருங்கள், பாரம் தாங்குவதில் பெரிய பயம் இல்லை. இரண்டாவது என்றால் கட்டும்போது எடுத்த ஆழ அளவீட்டுப் படத்தை எப்படியாவது தேடி எடுங்கள். சோளகம் ஓய்ந்த கையோடு, புரட்டாதிக் கடைசியில் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கடல் விட்டால், இன்னொரு அளவீடு எடுக்க இப்போதே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். சுழியோடிகளிடம் ஒரு கம்பியையும் கொடுத்து அனுப்புங்கள். கொட்டலசு எந்த மட்டத்தில் முடிகிறது என்று ஒவ்வொரு பைலிலும் எழுதி வரச் சொல்லுங்கள். அந்த இலக்கங்கள் கைக்கு வந்ததும் எழுதுங்கள் தம்பி, சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.